பழைய ஊட்டி படத் தபாலட்டை: காலம் கணிப்பதும் பூஞ்சையிலிருந்து காப்பதும்

அட்டையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். காலம் அங்கேதான் ஒளிந்திருக்கும். முகவரிக்கு மட்டுமே இடம் விட்டு, செய்தியையும் முகவரியையும் பிரிக்கும் நடுக்கோடு இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் 1900-களின் தொடக்கத்து அட்டை. பிரிட்டன் 1902-இல் நடுக்கோட்டை அனுமதித்தது, மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. தபால்தலையில் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு படம் என்றால் 1901-க்குப் பிந்தியது. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்குப் பிந்தியது. தபால்தலையைப் பிரித்தெடுக்காதீர்கள், முத்திரையோடு சேர்ந்தால்தான் மதிப்பு.

படமும் சாட்சி சொல்லும். மலை ரயில் குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும்தான் வந்தது. உதகை ஸ்டேஷனில் ரயில் நிற்கும் அட்டையை 1905 என்று விற்றால் நம்பாதீர்கள். பத்து மடங்கு லென்ஸில் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தெரியாமல் நிறம் வழவழவென்று இருந்தால் அசல் புகைப்படமாக இருக்கலாம்.

மலையில் பெரிய எதிரி ஈரம். பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் ரசாயனம் அட்டையில் ஒட்டும். பாலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள். பழைய அட்டை சுமார் 14 × 9 செ.மீ. இருக்கும், அதற்கேற்ற உறையாகப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, பிப்ரவரி வறட்சியில், இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு அடுக்குங்கள். ஈரமான அட்டையை அடைத்தால் பூஞ்சைக்கு நீங்களே வீடு கட்டியதாகும். வெளிச்சுவரை ஒட்டி டப்பாவை வைக்காதீர்கள். சுவர் குளிர்ந்து உள்ளே நீர் கோக்கும். கணப்படுப்பின் அருகே காயவைப்பதோ இன்னும் மோசம், அட்டை வளைந்துவிடும்.

பூஞ்சை பிடித்ததா? துணியால் துடைத்தால் காகித நாரில் இறங்கும். நிழலில் உலரவிட்டு, முகக்கவசத்தோடு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள். குறிப்புகளைப் பென்சிலால் தனிச்சீட்டில் எழுதுங்கள், அட்டையில் அல்ல.