ரசிகர் தமிழாக்கத்தோடு கேம் விளையாடி வீடியோ போடுவதற்கு முன்

பகலில் பரந்தனில் மாமாவின் கொமினிகேஷன் கடையில் நிற்கிறேன். ரீலோட் போடுவது, அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுப்பது, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கொண்டுபோகும் படிவங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பது. கடை பூட்டிய பிறகு அதே கணினியில் கேம் விளையாடி, பேசி, யூடியூப்பில் போடுவேன். பெரிய சேனல் இல்லை. ஆனால் ரசிகர் மொழிபெயர்ப்பு விஷயத்தில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் என்று தெரிந்து, புதிதாக வீடியோ தொடங்கும் பெடியள் கடைக்கு வந்து கேட்கிறார்கள். போட்டோகொப்பி எடுத்தபடி அரைகுறையாகச் சொல்லி அனுப்பியதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நடந்தது இது. பழைய கையடக்கக் கருவியில் வந்த ஒரு ஜப்பானியக் கதை விளையாட்டு. ஜப்பானை விட்டு வெளியே வந்ததே இல்லை. அதற்கு ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தது. அதை வைத்துப் புதுக்குடியிருப்பில் ஒரு தம்பி தமிழாக்கினான். அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கீறினான். ‘ஞ’ எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்காமல் இரண்டு நாள் அவனைப் படுத்தியது. அவன் செய்த பேட்ச்சை, அதாவது விளையாட்டின் வசனத்தைத் தமிழுக்கு மாற்றிவிடும் கோப்பை, போட்டு விளையாடி நான் தொடராக வீடியோ போட்டேன். நாலாவது பாகத்துக்கு, முறிகண்டியில் பஸ் நின்றதும் கச்சான்காரரைச் சுற்றிச் சனம் சேருமே, அப்படி ஆள் சேர்ந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

ஆறாவது கிழமை ஒரு வீடியோவை நீக்கிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. உரிமையாளர் முறைப்பாடு செய்திருந்தார். எனக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது சேனல் மேல் விழும் பதிப்புரிமை எச்சரிக்கை. அன்று பின்னேரமே தம்பி போன் எடுத்தான். அவனுக்கும் கடிதம் போயிருந்தது. தொடக்கத் திரையில் அவன் போட்டிருந்த மின்னஞ்சல் முகவரியை என் வீடியோவில் பெரிதாகக் காட்டியிருந்தேன்.

“அண்ணை, ஒன்றரை வருசமா ஒருத்தற்ற கண்ணிலயும் படாமக் கிடந்தது. நீங்கள் போட்டு ஆறு கிழமையில கண்டுபிடிச்சிட்டாங்கள்.”

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது. பேட்ச்சை அன்றிரவே எடுத்துவிட்டான்.

இதில் ஆபத்து மூன்று பேருக்கு: மொழிபெயர்த்தவர், வீடியோ போடுகிறவர், அதைப் பார்த்துத் தேடிப்போகிறவர். பெடியள் எல்லாரும் நடுவில் இருக்கிறவரைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். நான் மொழிபெயர்த்தவரிலிருந்து தொடங்குவேன். பேட்ச் சத்தமில்லாத பொருள், ஒரு மூலையில் கிடக்கும். அதை ஊருக்குக் காட்டிக் கொடுப்பது வீடியோதான்.

ஆகவே முதல் வேலை, அவரிடம் கேட்பது. காட்டலாமா? பெயர் சொல்லலாமா? எந்தப் பெயரை? ஏற்கெனவே யாராவது கடிதம் போட்டிருக்கிறார்களா? பேட்ச்சோடு வரும் ‘ரீட்மீ’ கோப்பைக் கடைசி வரி வரை வாசியுங்கள். விற்காதீர்கள், முழுக் கதையையும் வீடியோவாகப் போடாதீர்கள் என்று சிலர் அதிலேயே எழுதியிருப்பார்கள். எங்களுடையது போல ஆங்கில ரசிகர் மொழிபெயர்ப்பின் மேல் தமிழ் ஏறியிருந்தால், அந்த ஆங்கிலக்காரரும் ஒரு பங்காளி. நான் அவர்களை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பெயர் விஷயம் உண்மையிலேயே சிக்கலானது. பெயர் சொல்லாவிட்டால் உழைப்பைத் திருடியது மாதிரி. சொன்னால் ஆளைக் காட்டிக்கொடுத்தது மாதிரி. இதற்குப் பொது விதி கிடையாது, அவர் விரும்பும் புனைபெயரைப் போடுவதுதான் ஒரே வழி. தொடக்கத் திரையையும் நன்றித் திரையையும் வெட்டிவிடுங்கள். எங்கள் தம்பி நன்றி சொன்ன இடத்தில் தன் பள்ளிக்கூடத்தையும் மூன்று நண்பர்களின் முழுப் பெயரையும் எழுதியிருந்தான். அந்த மூன்று பேருக்கும் தங்கள் பெயர் இருப்பதே தெரியாது. மொழிபெயர்த்தவரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்றால் தொடர் வேண்டாம்; எப்படித் தமிழாக்கியிருக்கிறார் என்று மூன்று நிமிடம் பேசி, இரண்டு மூன்று திரையைக் காட்டினால் போதும்.

அடுத்தது சட்டம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உரிமையாளருக்கு உரியது. 1886இல் உருவான பேர்ன் உடன்படிக்கை அதைத்தான் சொல்கிறது, எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதையே சொல்கிறது. காணிக்காரரைக் கேட்காமல் விதைத்த வயல் மாதிரி. நெல் விதைத்தவரின் உழைப்பு, அதை யாரும் மறுக்க முடியாது. காணி அவருடையது இல்லை. நான் அந்த வயலைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டினேன். பேட்ச் கோப்பில் மாற்றங்கள் மட்டும்தான் இருக்கும், முழு விளையாட்டும் இருக்காது என்று மொழிபெயர்ப்பாளர்கள் சொல்வது சரிதான். ஆனால் வீடியோவில் எல்லாம் சேர்ந்தே ஓடுகிறது: படம், இசை, கதை, தமிழ் வசனம். பேட்ச்சுக்குச் சொல்லும் நியாயம் வீடியோவுக்குப் பொருந்தாது.

“இத்தனை வருசம் ஒன்றும் செய்யவில்லையே” என்பார்கள். மதர் 3 என்ற விளையாட்டு 2006இல் ஜப்பானில் மட்டும் வந்தது. ரசிகர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வந்து இன்றைக்கும் கிடக்கிறது. ஆனால் பைனல் பேன்டசி டைப்-0 விளையாட்டுக்கு ரசிகர்கள் 2014 ஜூனில் ஆங்கில பேட்ச் வெளியிட்டார்கள். அதே மாதம் நிறுவனம் தன் சொந்த ஆங்கிலப் பதிப்பை அறிவித்தது. ஜூலையில் பேட்ச் இறக்கப்பட்டுவிட்டது. எனவே விளையாட்டு மறுபடி வெளியாகப் போகிறது என்று ஏதாவது செய்தி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த நேரத்தில் வீடியோ போடவே வேண்டாம். நல்ல முடிவும் உண்டு: டிரெயில்ஸ் ஃபிரம் ஜீரோவுக்கு ஜியோஃபிரண்ட் என்ற ரசிகர் குழு 2020இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியீட்டாளரே வாங்கி, 2022இல் அதிகாரபூர்வப் பதிப்பில் பயன்படுத்தினார். அப்படி நடப்பது எப்போதாவதுதான்.

பிறகு, விளையாட்டு எந்த வகை என்று பாருங்கள். பந்தயம், சண்டை, வீடு கட்டுவது என்றால் ஒவ்வொருவர் விளையாடுவதும் வேறு. கதை விளையாட்டில், வீடியோவைப் பார்த்தவருக்கு வாங்க வேண்டிய தேவையே இல்லை. மொழிபெயர்ப்பு வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை, ஏனென்றால் வசனம் இருக்கும் விளையாட்டைத்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. ஜப்பானில் ஒருவர் ஸ்டைன்ஸ் கேட் வரிசையில் வந்த ஒரு கதை விளையாட்டை முடிவு வரை காட்டி, அனிமே வெட்டுகளும் போட்டு விளம்பரக் காசு பார்த்தார். 2023 செப்டம்பரில் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டுச் சிறையை 5 ஆண்டு ஒத்திவைத்து, 10 இலட்சம் யென் அபராதமும் விதித்தது. அதில் ரசிகர் மொழிபெயர்ப்பு கூடக் கிடையாது. 2017இல் பெர்சோனா 5 வெளியானபோது அட்லஸ் நிறுவனம், கதைக்குள் வரும் நாட்காட்டியில் ஜூலை 7க்கு மேல் காட்டினால் நடவடிக்கை என்று எச்சரித்தது. எதிர்ப்பு வந்த பிறகு நவம்பர் 19 வரை தளர்த்தியது. கதையின் முடிவைக் காப்பதில் இவர்கள் எவ்வளவு கவனம் என்று இதிலிருந்து விளங்கும்.

ஆகவே வீடியோ வழிகாட்டு விதி என்று அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் இருப்பதைத் தேடி வாசியுங்கள். நிண்டெண்டோ 2018 நவம்பரில் வெளியிட்ட விதிகள், உங்கள் பேச்சும் கற்பனையும் சேர்ந்த வீடியோவை அனுமதிக்கின்றன. ஆனால் அந்த அனுமதி அதிகாரபூர்வமாக வெளியான உள்ளடக்கத்துக்குத்தான். மாற்றப்பட்ட வசனத்தோடு ஓடும் திரை அதற்குள் வராது. ‘கேம்ப்ளே போடலாம்’ என்ற வரியைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் போகிறீர்கள் என்றால், சரி, நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

பதிவு செய்யும்போது விளையாட்டுத் திரையை மட்டும் பதிகிறேன், கணினித் திரை முழுவதையும் இல்லை. எமுலேட்டரின் (பழைய கருவியின் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருளின்) மேல்பட்டையில் கோப்பின் பெயர் தெரியும். அந்தப் பெயரிலேயே எந்தத் தளத்திலிருந்து இறக்கியது என்று எழுதியிருக்கும். நானே என் வாயால் சொல்லாததை அந்தப் பட்டை பதினொரு பாகமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. தொடர்ந்து வசனத்தை ஓடவிடுவதில்லை. ஒரு காட்சி, பிறகு என் பேச்சு, பிறகு வெட்டு. முடிவைக் காட்டுவதே இல்லை. இசையைக் குறைக்கிறேன், ஏனென்றால் மொழிபெயர்ப்பைக் கவனிக்காத இயந்திரமும் பாட்டைக் கேட்டுப் பிடித்துவிடும். தலைப்பில் ‘தமிழ்ப் பதிப்பு’ என்று போடுவதில்லை, அது நிறுவனமே தமிழில் வெளியிட்டது மாதிரித் தோன்றும். ‘ரசிகர் தமிழாக்கம், அதிகாரபூர்வமற்றது’ என்று முதல் நிமிடத்திலேயே வாயால் சொல்கிறேன். நிறுவனச் சின்னத்தை முகப்புப் படத்தில் வைப்பதில்லை.

விளம்பரத்தை நிறுத்திவிடுகிறேன். காசு வாங்கவில்லை என்பது சட்டத்தில் கேடயம் இல்லை, ஆனால் வாங்கினால் நிச்சயம் இன்னும் மோசம். (வருமானம் 10 டொலரைத் தொட்டதும், விளம்பரக் காசு தரும் கூகிளின் அட்சென்ஸ், முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஓர் இரகசிய எண் அனுப்பும். எனக்கு அது வந்த நாள் தபால்காரர், “தம்பிக்கு அமெரிக்கா விசா வந்திட்டுதோ” என்று கேட்டுவிட்டு வீதி முழுக்கச் சொல்லிவிட்டார்.)

இணைப்புத் தருவது இல்லவே இல்லை. முழு விளையாட்டுக் கோப்புக்கும் இல்லை, பேட்ச்சுக்கும் இல்லை. “லிங்க் தாங்கோ அண்ணை” என்று வாட்ஸப்பில் கேட்பார்கள், மனம் இளகும். ஆனால் தேடிப்போகிற மூன்றாவது ஆள் இங்கேதான் மாட்டுகிறார். என் வீடியோவைப் பார்த்து யாரோ மறுபதிவேற்றம் செய்திருந்த ‘தமிழ் பேட்ச்’சை இறக்கிய ரியூஷன் பெடியன் ஒருவனின் கணினி வைரஸோடு என் கடைக்கே வந்தது. பத்தாம் வகுப்புக் குறிப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. கழுவிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி ‘அன்லிஸ்டட்’ என்று போட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். உரிமையுள்ள படத்தையும் பாட்டையும் தானாகத் தேடும் யூடியூப்பின் கொன்டென்ட் ஐடி, ஏற்றப்படும் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

கடிதம் வந்துவிட்டால் முதலில் அது க்ளைமா ஸ்ட்ரைக்கா என்று பாருங்கள். கொன்டென்ட் ஐடி க்ளைம் என்றால் வீடியோவைத் தடுப்பார்கள், அல்லது விளம்பரக் காசை எடுப்பார்கள், அல்லது சும்மா கணக்குப் பார்ப்பார்கள். பொதுவாகச் சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் வேறு. 90 நாளுக்குள் 3 சேர்ந்தால் சேனல் போய்விடும். பதறி வீடியோவை நீங்களே அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. பதிப்புரிமைப் பாடத்தைப் பார்த்து முடித்து, 90 நாள் பொறுக்க வேண்டும், அல்லது முறைப்பாடு செய்தவரிடம் திரும்பப் பெறச் சொல்லிப் பணிவாக எழுத வேண்டும். நான் மற்றப் பாகங்களையும் அன்றே மறைத்தேன். அது ஸ்ட்ரைக்கை எடுக்காது, இரண்டாவது ஸ்ட்ரைக்குக்கு வழி விடாமல் தடுக்கும்.

வீடியோவை நீக்கியது பிழை என்று மறுத்து அனுப்ப, எதிர் அறிவித்தல் என்று ஒரு படிவம் இருக்கிறது. கோபத்தில் அதை நிரப்பாதீர்கள். உங்கள் முழுப் பெயரும் முகவரியும் முறைப்பாடு செய்தவருக்குப் போகும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதிக்கிறேன் என்று கையொப்பம் வைக்கிறீர்கள். வழக்குப் போட அவர்களுக்கு 10 வேலை நாள் கிடைக்கும். பெயரும் முகவரியும் கேட்கும் படிவங்கள் வன்னியில் எங்களுக்குப் புதிதில்லை, கேட்டதும் பழக்கதோசத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுவோம். பிழை உண்மையில் அவர்கள் பக்கம் என்றால் மட்டும், தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். ரசிகர் மொழிபெயர்ப்பு வீடியோவில் அப்படிச் சொல்லுவது கடினம்.

பயமில்லாமல் தமிழில் விளையாடிக் காட்ட வழி இல்லையா என்றால், இருக்கிறது. மைன்கிராப்ட் ஜாவா பதிப்பில் தமிழ் உண்டு. தன்னார்வலர்கள் கிரவுடின் தளத்தில் மொழிபெயர்த்ததை விளையாட்டோடு சேர்த்தே தருகிறார்கள். லுவான்டி போன்ற திறந்த மூல விளையாட்டுகளை வெப்லேட் தளத்தில் எவரும் மொழிபெயர்க்கலாம். இதில் உங்கள் பெயரைத் தைரியமாகப் போடலாம்.

இன்னொரு வழி, கேட்பது. பெரிய நிறுவனம் பதிலே போடாது. தனியாளாக விளையாட்டுச் செய்கிறவர்கள் போடுவார்கள். தம்பியும் நானும் போன வருசம் ஒருவருக்கு எழுதினோம், இருபது வரி தமிழாக்கி இரண்டு திரைப் படமும் சேர்த்து. நாலு நாளில் பதில் வந்தது: சரி, செய்யுங்கள், வீடியோவும் போடலாம், ஆனால் எழுத்துரு உரிமம் உள்ளதா? தம்பி முதலில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்திருந்தான், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் பிரச்சினைக்கு அது சுலபமான குறுக்குவழி. இப்போது நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம், அதன் உரிமம் திறந்தது. ஆனால் கொம்பு மறுபடி இடம் மாறி நிற்கிறது. அதோடு ‘சேமி’யா ‘சேவ்’வா என்ற சண்டை வேறு. மூன்று கிழமையாக நடக்கிறது. அவன் ‘சேமி’, நான் ‘சேவ்’. மாமா குறுக்கே வந்து, இரண்டும் வேண்டாம், ‘பத்திரப்படுத்து’ என்று போடச் சொல்கிறார். அது பொத்தானுக்குள் அடங்காது.