கியர் வண்டியில் கியர் மாற்றுவது எப்படி: இடது கையிலிருந்து தொடங்குவோம்

ஸ்கூட்டரில் பழகிவிட்டு கியர் வண்டிக்கு வருபவர்கள், காலால் கியரை எப்படி மிதிப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கால் செய்யும் வேலை ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. வண்டி துள்ளுவதும் திணறி நின்றுவிடுவதும் பெரும்பாலும் கிளட்சைப் பிடித்திருக்கும் இடது கையின் அவசரத்தால் வருபவை. ஆகவே இந்த விளக்கத்தில் கைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், ஓட்டப்போகும் வண்டியில் கியர் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிளெண்டர் போன்ற நான்கு கியர் வண்டிகளில், நியூட்ரலிலிருந்து லீவரின் முன்பக்கத்தை மிதிக்க மிதிக்க ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் ஏறும். பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்தால் இறங்கும். பல்சர் 150 போன்ற ஐந்து கியர் வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே. மற்ற நான்கும் மேலே. அவற்றில் நியூட்ரல், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். முதல் வகையில் பழகிய கால், இரண்டாம் வகை வண்டியில் வேகமாகப் போகும்போது பழக்கதோஷத்தில் முன்பக்கத்தை மிதித்துவிட்டால், கியர் ஏறுவதற்குப் பதிலாக இறங்கி, பின்சக்கரம் இழுத்துப் பிடிக்கும். நண்பரின் வண்டியை இரவல் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். (பழைய புல்லட்டுகளில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. அதிலேயே பழகிய பெரியவர்கள் புது வண்டியில் ஏறிக் கியர் என்று நினைத்து பிரேக்கை மிதிப்பதை இன்றும் பார்க்கலாம்.)

அடுத்து, ஆள் நடமாட்டமில்லாத சமதளமான மைதானத்துக்குப் போங்கள். கிளட்ச் லீவரை முழுவதும் அழுத்தினால், இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலுள்ள தட்டுகள் தளர்ந்து, இன்ஜினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகாமல் நிற்கும். கையை விட விட அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று உரசி, பிறகு இறுகப் பற்றிக்கொள்ளும். வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுவதும் அழுத்தி, முதல் கியர் போடுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அது இயல்பானது. இப்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே கனத்துத் தாழும். வண்டி முன்னால் நகரப் பார்க்கும். விரல்களை அங்கேயே நிறுத்துங்கள். வண்டி ஐந்தாறு அடி நகர்ந்ததும் கிளட்சை மறுபடி அழுத்தி, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். விரல்கள் யோசிக்காமலேயே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை, இருபது முப்பது முறையானாலும் இதையே செய்யுங்கள். அதன்பிறகுதான் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளம்பிப் பழக வேண்டும்.

கியர் ஏற்றும்போது வரிசை மாறக் கூடாது. ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, கிளட்சை முழுவதும் அழுத்தி, லீவரை அது நிற்கும்வரை ஒரே முறை உறுதியாகத் தள்ளி, காலை எடுத்துவிட்டு, கிளட்சைச் சீராக விட்டபடியே ஆக்ஸிலேட்டரைத் திருக வேண்டும். 100 சிசி வண்டியில் தோராயமாக 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவதும், 25-30இல் மூன்றாவதும், 40ஐத் தாண்டும்போது நான்காவதும் சரியாக இருக்கும். ஆனால் மீட்டரைப் பார்த்து ஓட்டுவதைவிடக் காதால் கேட்டு ஓட்டுவதே எனக்குச் சரியென்று படுகிறது. இன்ஜின் இரைந்தால் ஏற்றுங்கள்; ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் வண்டி வேகமெடுக்காமல் நடுங்கினால் இறக்குங்கள்.

இறக்குவதுதான் பலருக்குச் சிக்கல். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிறகு ஒவ்வொரு கியராக, ஒவ்வொரு முறையும் கிளட்சை மெதுவாக விட்டு இறங்கி வாருங்கள். பழகிய புதிதில் நான் சிக்னல் ஒன்றில் மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டேன். பச்சை விழுந்ததும் கியரை எத்தனை முறை மிதித்தும் அது இறங்கவில்லை. பின்னால் நின்ற பேருந்து ஹாரனை விடவேயில்லை. காரணம் எளிது. கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கின்றன. லீவர் செய்வது, ஒரு சக்கரத்தின் பக்கவாட்டு முளைகளைப் பக்கத்துச் சக்கரத்தின் இடைவெளிகளுக்குள் நகர்த்துவதுதான். சக்கரம் சுழலாதபோது முளைக்கு நேரே இடைவெளி அமையாவிட்டால் கியர் விழாது. அப்படி மாட்டிக்கொண்டால், கிளட்சைப் பிடித்தபடி வண்டியைக் காலால் முன்னும் பின்னும் லேசாக உருட்டிக்கொண்டே லீவரை மிதியுங்கள், விழுந்துவிடும். ஐந்து கியர் வண்டியில் நியூட்ரல் கிடைக்காமல் அடம்பிடிப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால், வண்டி முழுதாக நிற்பதற்குச் சற்று முன்பே, இரண்டாவதிலிருந்து பாதி மிதியாக மிதித்து நியூட்ரலுக்கு வந்துவிடுவது எளிது.

மேட்டில் கிளம்ப, வலது காலால் பின் பிரேக்கை மிதித்து வைத்து, கிளட்ச் பற்றும் இடத்துக்கு வந்து, ஆக்ஸிலேட்டரைச் சற்றுக் கூட்டி, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பிறகே பிரேக்கை விடுங்கள். மலையிறக்கத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் இறங்கினால், முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்கிச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாவது கியரில் கிளட்சைத் தொடாமல் இறங்கினால், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர் சுற்றும் பழக்கம், தட்டுகளைத் தேய்த்துவிடும். ஆனால் ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடும் அந்த ஓரிரு நிமிடங்களுக்கு அதுவே துணை: முதல் கியரில், கிளட்சைப் பற்றும் இடத்தில் வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, பார்வையை அடுத்த வளைவில் வைத்துத் திருப்பினால், காலை ஊன்ற வேண்டியிருக்காது.