பழைய காரின் புகை சொல்லும் கோளாறு

பழைய பெட்ரோல் அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவர்கள், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் சைலன்சர் புகையின் நிறத்தையும், அதைவிட முக்கியமாக அது எப்போது வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கறுப்புப் புகை பெரும்பாலும் எளிதில் தீரும்; சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் மூடி) சிக்கியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் பெட்ரோலை மிகுதியாக விடுகிறதா என்று பார்த்தால் போதும். குற்றாலச் சாரல் காலத்துக் காலைகளில் சிறிது நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவியே. இன்ஜின் சூடான பின்னும் அது நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பாபநாசம் மலைச்சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரிலேயே இறங்கி வந்து, சமதளத்தில் மீண்டும் மிதித்ததும் ஒருமுறை குப்பென்று வந்து அடங்கினால், வால்வுத் தண்டைத் தாங்கும் கைடுகளோ, அதன் வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் சீல்களோ தேய்ந்திருக்கக்கூடும். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளே பெரும்பாலும் காரணம். "ரீபோர் போட்டுருவோம் அண்ணாச்சி" என்று, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் வேலைக்கு மெக்கானிக் அவசரப்படுவது வழக்கம்தான். அதற்குச் சம்மதிக்கும் முன், கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை அளந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்த அளவு கணிசமாக உயர்ந்தால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். அசையாவிட்டால் வால்வு, கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும்.