தலைவரின் முடிவில் கோயில் எவ்வளவு? டெல்டா அரசியலை எழுதுவோருக்கு

ஒரு தலைவரின் முடிவுக்கு அவர் வளர்ந்த விதத்தில் காரணம் தேடும்போது, "கோயில் சூழலில் வளர்ந்தவர்" என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். காவிரி டெல்டாவில் அது யாருக்குத்தான் பொருந்தாது? குளம், தேர், குத்தகை நிலம் என்று ஊரே கோயிலைச் சுற்றித்தான். கேட்க வேண்டியது, அந்தக் கோயிலில் பிள்ளை நின்ற இடம் எது என்பதை. கருவறைப் பக்கமா, மேளக்காரர் வரிசையா, குத்தகை நெல் அளக்கும் களமா?

அடுத்து, முழு வாழ்க்கையையும் இழுக்காமல் ஒரே ஒரு முடிவைத் தேதியோடு எடுங்கள். உதாரணத்துக்கு, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த சட்டத்திருத்தம். 1970 டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது, முதல்வர் கருணாநிதி.

1924இல் திருக்குவளையில், கோயில் இசை மரபுள்ள இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். இசை கற்கப் போன இடத்தில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது உறுத்தியதைப் பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார். முடிவோடு கச்சிதமாகப் பொருந்துகிறதல்லவா? பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். கட்டுரை கெடுவதும் இங்கேதான்.

வேறு காரணங்களையும் அதே காலண்டரில் குறியுங்கள். 1970 ஜனவரி 26இல் கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று பெரியார் அறிவித்திருந்தார். சட்டம் வரும் என்ற உறுதியின் பேரில்தான் அது தள்ளிப்போனது. 1971 மார்ச்சில் தேர்தல். ஆக, முடிவு வந்த நேரத்தை வளர்ப்பு விளக்காது. விடாப்பிடியை வேண்டுமானால் விளக்கலாம். 1972இல், இந்தச் சட்டத்தை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிப்பை ஏற்றாலும், கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமத்தை மீறி நியமிக்க முடியாது என்றது. நோக்கம் பாதியில் நின்றது. 2006இல் அவரே மறுபடி அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக அரசாணை போட்டார்.

ஓடாமல் கிடந்த திருவாரூர் ஆழித்தேர் ஓடியதும் அதே 1970இல், அதே ஆட்சியில். நாத்திகர் என்றால் கோயிலுக்குப் பகை என்ற சூத்திரம் வைத்திருப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஒப்பிட இன்னொருவரும் வேண்டும். நிலவுடைமைக் குடும்பத்தில், சுந்தரப்பெருமாள் கோவில் என்ற ஊரில் பிறந்த காங்கிரஸ் தலைவர் ஜி.கே. மூப்பனார் திருவையாறு தியாகராஜர் ஆராதனை சபைக்குத் தலைமை வகித்தவர். அதே இசை, நின்ற இடம் வேறு.

ஆவணங்களைப் படிக்கும் வரிசை: சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, சட்டத்தின் நோக்க உரை, தீர்ப்பு, கடைசியில்தான் தன்வரலாறு. முடிவுக்கு முந்தைய பேச்சிலேயே சிறுவயது நிகழ்ச்சி வந்திருந்தால் சான்றாகச் சேருங்கள். பிறகு எழுதியதில் மட்டும் இருந்தால், எழுதிய ஆண்டை அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.