ரகசியத்தைச் சொல்ல வரும்போது குக்கர் விசில் அடிக்கக் கூடாது

மூன்று மாதத்தில் ஐந்து கைப்பிரதிகள் படித்தேன். ஐந்தும் பதின்பருவத்தினருக்கான நாவல்கள், ஐந்தும் பாதியில் நிற்பவை, ஐந்திலும் வீட்டில் யாரோ எதையோ மறைக்கிறார்கள். நான் விழுந்த பள்ளத்திலேயே ஐந்து பேரும் வரிசையாக விழுந்து கிடக்கிறார்கள். ஒற்றுப்பிழை, நீள வர்ணனை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதை எடிட்டர் பார்த்துக்கொள்வார்.

ரகசியத்தைக் கடைசிக்குச் சேர்த்து வைப்பது

என்னிடமிருந்து இரண்டு வருஷத்தைத் தின்ற தவறு இது.

என் கதை கோத்தகிரியில் நடக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவள் தாத்தா இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத் தொழிலாளர்களைப் பங்கு பிரித்தது. அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று ஒரே லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், கோடு விழுந்த குடும்பங்கள் உண்டு. என் கதையின் தாத்தா அங்கே ஒரு மகளை விட்டுவிட்டு வந்தவர். சிறுமிக்கு அது தெரியாது. பள்ளியில் தன்னை ஏன் 'சிலோன்காரி' என்கிறார்கள் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்த மகளை நான் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் ஒளித்து வைத்தேன். மொத்தமே இருபத்துமூன்றுதான். அதுவரை விஷயம் வெளியே வரக் கூடாதே! பாட்டி வாயெடுத்தால் குக்கர் விசில் அடிக்கும். அப்பா "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றால் போன் வரும். பிறகு எண்ணிப் பார்த்தேன், ஏழு இடங்கள். பயமோ வெட்கமோ அவர்கள் வாயை மூடியிருந்தால் சரி. மூடியது நான், பக்கம் நிரப்ப.

தோழியின் மகளிடம் பிரதியைக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு. மறுநாளே போன்.

"தாத்தாவுக்கு அங்க ஒரு பொண்ணு இருக்குதானே ஆன்ட்டி? நாலாவது சாப்டர்லயே தெரிஞ்சிருச்சு."

கெட்டிக்காரி என்று சிரித்து வைத்தேன். அடுத்துக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

"தெரிஞ்சப்புறம் அவ தாத்தாகூடப் பேசினாளா? அதைத்தான் தேடிக்கிட்டே இருந்தேன்."

அதற்கு என்னிடம் இருந்தது ஒன்பது பக்கம். அதில் இரண்டு பக்கம் மழை.

ரகசியம் இப்போது ஆறாம் அத்தியாயத்திலேயே உடைகிறது. அதன் பிறகுதான் எனக்கு எழுத வேலை வந்தது. அவளுக்குத் தெரியும் என்பது தாத்தாவுக்குத் தெரியாது. வழக்கம்போல அவருக்கு நகம் வெட்டிவிடுகிறாள். அப்பாவிடம் நேராகக் கேட்கிறாள், அவர் பொய் சொல்கிறார், பொய் என்று தெரிந்தே தலையாட்டுகிறாள். போட்டோவில்கூடப் பார்த்திராத ஒருத்தியை 'அத்தை' என்று மனசுக்குள் கூப்பிட்டுப் பார்க்கிறாள். பள்ளிப் படிவத்தில் 'சொந்த ஊர்' கட்டத்தில் பேனா நிற்கிறது. பழைய பிரதியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஐந்து கைப்பிரதிகளில் நான்கில் இதே கோளாறு. கேட்டால் 'சஸ்பென்ஸ்' என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது, பாதி அவர்கள் மேல், பாதி என் மேல்.

வருஷக் கணக்கு

என் முதல் பிரதியில் தாத்தா 1968-ல் தனுஷ்கோடியில் வந்து இறங்கினார். அந்த ஊரை 1964 டிசம்பர் புயலே அழித்துவிட்டது. பிறகு அவரை ராமேஸ்வரத்தில் இறக்கி திரும்பி வந்தவர்களை வைத்திருந்த மண்டபம் முகாமுக்குக் கூட்டிப்போனேன். ஒரு கைப்பிரதியில், நாயகியின் பாட்டி தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வளர்ந்தவராம். பெற்றவர்கள் வேண்டாமென்று விடும் குழந்தைகளை அரசு ஏற்கும் அந்தத் திட்டம் சேலத்தில் 1992-ல்தான் தொடங்கியது. அந்தத் தொட்டிலில் முதலில் கிடந்தவர்களுக்கு இன்று முப்பது சொச்சம் வயது. பாட்டி அல்ல, அம்மாவாகலாம்.

தத்துக் கோப்பு

தத்துப்பிள்ளையான பதினான்கு வயதுப் பையன் தன்னைத் தத்துக் கொடுத்த இல்லத்துக்கு பஸ் ஏறிப் போகிறான், அங்கே கிளார்க் மனமிரங்கிக் கோப்பை எடுத்து நீட்டுகிறார். நடக்காது. பெற்றவர் யார் என்று தேட, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வளர்த்த பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்றவள் தன் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று கேட்டிருந்தால் அவள் சம்மதமும் தேவை. சட்டம் கதைக்கு இடைஞ்சல் என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். மறைத்தவர்களிடமே போய்க் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டிய பையன்! இதைவிட நல்ல காட்சி அவர் பிரதியில் எங்கும் இல்லை.

ரத்த வகை பொருந்தவில்லை

அப்பா அம்மா இருவருக்கும் 'ஓ', பிள்ளைக்கு 'ஏ', ஆகவே இது அவர்கள் பிள்ளை இல்லை என்கிறார் கதையின் டாக்டர். பாம்பே ரத்த வகை என்று ஒன்று உண்டு. சாதாரணப் பரிசோதனையில் 'ஓ' என்றே காட்டும், ஆனால் அந்த வகை உள்ளவரின் பிள்ளைக்கு 'ஏ'யோ 'பி'யோ வரலாம். அபூர்வம்தான். ஆனாலும் உங்கள் டாக்டர் பாத்திரம் ஒற்றைச் சீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அசட்டுத்தனம்.

தகரப் பெட்டியில் பழைய கடிதம்

வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கட்டிக்கொள்வது

நான் பதினெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். தாத்தா வெற்றிலை வாங்கி வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.