அருவியை மட்டும் பார்க்காதீர்கள்: மலைச்சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டத்து மலைகளான வத்தல்மலைக்கோ சித்தேரிக்கோ ஏறும்போது, கோடையில் பத்துத் தடவை கடந்துபோன அதே மொட்டைப் பாறையில், நல்ல மழைக்குப் பின் வெள்ளை நூலாக ஓர் அருவி தொங்கும். பெயர்ப்பலகை கிடையாது, ஒகேனக்கல்போலப் பரிசலும் மீன் வறுவலும் கிடையாது. கண் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. நாம் செய்யும் தவறுகளெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலாவது, அருவி தெரிந்த இடத்திலேயே பிரேக் போடுவது. அது பெரும்பாலும் வளைவாகவே இருக்கும். ஓடை மலையை அறுத்து இறங்கும் மடிப்பில்தான் சாலையும் உள்வாங்கித் திரும்புகிறது. மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஓட்டுநருக்கு உங்கள் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். நான்கு விளக்குகளையும் மின்னவிட்டால் எங்கும் நிறுத்தலாம் என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அந்த வெளிச்சம் வளைவைச் சுற்றிக்கொண்டு போகாது. இருபுறமும் தூரம்வரை தெரியும் அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையில் நடந்து வருவதுகூட வேண்டாம். அது யானைகள் சாலையைக் கடக்கும் காடு. அருவி இரைச்சலில் பின்னால் கிளை முறியும் ஓசை காதில் விழாது. அங்கே வண்டிக்குள்ளிருந்து ஒரு பார்வை போதும்.

அடுத்தது, ஆபத்தானது: தலைக்கு மேல் வெயில் அடிக்கிறதே என்று தைரியமாகத் தண்ணீரில் இறங்குவது. சிறிய ஓடைக்கு நிதானம் தெரியாது. உச்சியில் பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வந்துவிடும். தெளிவாக ஓடிய நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சலின் தொனி மாறினால், செருப்பைக்கூடத் தேடாமல் கரையேற வேண்டும். பாறையில் கறுத்துப் பளபளக்கும் இடமெல்லாம் பாசி. அருவியின் தலைக்கு ஏறிப் படமெடுக்க ஆசைப்படுபவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அங்கிருந்து அருவி தெரியாது என்பதைத் தவிர.

இனி கேமரா. உச்சி வெயிலில் எடுத்தால் தண்ணீர் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப்போகும், பக்கத்துப் பாறை கரியாகும். கிழக்கு பார்த்த பாறைக்குப் பிற்பகல் நிழல் நல்லது, மேற்கு பார்த்ததற்குக் காலை. மேகமூட்டம் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். கறுத்த பாறையைப் பார்த்ததும் கேமரா இருட்டென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். செல்போனானால் திரையில் தண்ணீரின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள்.

நீரைப் பட்டுபோலக் காட்டும் மோகத்தில் பலர் ஷட்டரை இரண்டு, மூன்று நொடி திறந்துவைக்கிறார்கள். பேரருவிக்கு அது பொருந்தலாம். நூல்போன்ற அருவி அதில் புகையாகிக் காணாமல் போய்விடும். 1/15 முதல் 1/4 நொடி போதும், இழை இழையாகப் பிரிந்து தெரியும். முக்காலி இல்லாவிட்டால் சிறுபாலத்தின் சுவரில் வைத்து, 2 நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். லாரி கடக்கும்போது மட்டும் பொறுங்கள், சுவர் நடுங்கும்.

சாலையையும் சுவரையும் வெட்டிவிட்டு, ஏதோ அடர்காட்டுப் பேரருவிபோலக் காட்டுவதும் தவறு என்பேன். படத்தை நம்பி வருபவர் ஏமாறுவார் என்பது ஒருபுறம்; பக்கத்தில் ஓர் ஆளோ மைல்கல்லோ இருந்தால்தான் அதன் சின்னஞ்சிறு அழகே புலப்படும். ஷாம்பு பாக்கெட்டைப் பற்றியும் பாட்டிலைப் பற்றியும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்த நீர் கீழே யாரோ ஒருவருடைய ஆடு குடிக்கும் குட்டைக்குப் போகிறது.

என் சொந்தத் தவறு ஒன்று. ஓர் ஐப்பசியில் நாற்பது படம் எடுத்து, வீட்டில் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் நடுவே ஒரே மங்கல் வட்டம். லென்ஸில் ஒரு துளிச் சாரல். அதை நான் துடைக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது பாறையில் ஈரக் கறை மட்டும் இருந்தது. இப்போது சட்டைப்பையில் பழைய வேட்டியில் கிழித்த துண்டுகள் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று நனைந்தால் மற்றொன்று.