ஆபீஸ் சர்வர் ஃபைல்களை மேக், லினக்ஸில் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபீஸில் எல்லாரும் விண்டோஸில் வேலை செய்கிறார்கள், உங்களிடம் மட்டும் மேக் அல்லது லினக்ஸ். "அந்த ஃபைல் இசட் டிரைவில் இருக்கு" என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். உங்கள் கணினியில் இசட் டிரைவே கிடையாது. அது அவருடைய கணினி அந்த ஃபோல்டருக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயர், அவ்வளவுதான். சர்வரின் பெயரையும், ஷேரின் (அதாவது சர்வரில் பகிர்ந்து வைத்திருக்கும் ஃபோல்டரின்) பெயரையும் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் முகவரியில் பின்சாய்வுக் கோடு வரும். அதை அப்படியே ஒட்டினால் மேக் திறக்காது. ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தி, எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறையின் பெயர்), கோலன், இரண்டு முன்சாய்வுக் கோடு, பிறகு சர்வர் பெயர், ஒரு முன்சாய்வுக் கோடு, ஷேர் பெயர் என்று கொடுக்க வேண்டும்.

அப்போதும் திறக்கவில்லை என்றால், "எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணுங்க" என்று, அந்த முறையின் பழைய பதிப்பை யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. மேக்கோ 2013-ல் வந்த மேவரிக்ஸ் முதலே எஸ்எம்பி2-ஐப் பயன்படுத்துகிறது. ஆகவே பழைய எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த சர்வர் என்றால், மாற்ற வேண்டியது சர்வரை. வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக இருக்கும் என்று எஸ்எம்பி பயன்படுத்தும் வாசலான 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதும் இதே அளவு ஆபத்து. அதற்கு ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன் இருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் கணக்கு லாக் ஆகிவிடுகிறதா? பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் மேக்கின் கீசெயினில் பழைய பாஸ்வேர்டு இருந்து, அதுவே திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பதிவை அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள். கணினியின் கடிகாரத்தையும் ஒரு முறை பாருங்கள். ஆபீஸ் கணக்கால் நுழையும் டொமைன் லாகினில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை இருந்தால், நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினாலே வழக்கமாக உள்ளே விடாது.

லினக்ஸ்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு, எந்த ஷேரை எங்கே இணைக்க வேண்டும் என்று குறித்து வைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலிலேயே பாஸ்வேர்டை எழுதி வைப்பது. அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் அதைப் படிக்கலாம். தனி ஃபைலில் எழுதி, அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) ஆக்கி, அதன் இடத்தை மட்டும் எஃப்எஸ்டேப்பில் குறிப்பிடுங்கள். அப்புறம், ஷேர் முழுவதும் ரூட்டுக்கு (கணினியின் நிர்வாகக் கணக்குக்கு) சொந்தமாகத் தெரிந்தால், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட ஓடாதீர்கள். மவுண்ட் செய்யும்போது, அதாவது ஷேரைக் கணினியில் இணைக்கும்போது, உங்கள் யூஐடி, ஜிஐடி (உங்கள் கணக்கின் எண், குழுவின் எண்) கொடுத்தால் சரியாகிவிடும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். 'கொள்முதல்' என்ற பெயரில் இருக்கும் 'கொ'வின் உயிர்க்குறியை, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கில் சில வழிகளில் உருவாகும் பெயர்கள் பிரிந்த வடிவில் இருக்கும், விண்டோஸில் தட்டுவது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். சர்வருக்கு இவை வெவ்வேறு பெயர்கள் என்பதால், ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொள்முதல்' நிற்கும். ஒருவர் ஒன்றில் கணக்கை ஏற்றுவார், இன்னொருவர் மற்றதைப் பார்த்து "ஏற்றவே இல்லையே" என்பார். பெயரில் தேதியோ எண்ணோ சேர்த்தால் குறைந்தது எது எதுவென்றாவது தெரியும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, கோலன் போன்றவற்றையும் பெயரில் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை.

ஷேரில் உள்ள ஃபைலை அழித்தால் உங்கள் கணினியின் குப்பைத்தொட்டிக்கு வரும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் உடனே போய்விடும், பேக்கப் இருந்தால்தான் மீட்கலாம். டில்டே (~), டாலர் ($) குறிகளோடு தொடங்கும் ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழிப்பதும் தவறு. யாரோ அந்த ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்று ஆபீஸ் மென்பொருள் காட்டும் அடையாளம் அது.

எல்லாவற்றிலும் அதிக வேலையை அழிப்பது இது: நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று ஃபைலை டெஸ்க்டாப்பில் நகலெடுத்து, திருத்தி, மாலையில் திரும்ப ஒட்டுவது. நடுவில் மற்றவர்கள் செய்த திருத்தமெல்லாம் மேலெழுதப்பட்டுவிடும். நகலெடுத்தே ஆக வேண்டும் என்றால் குழுவிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஒட்டும் முன் சர்வரில் இருக்கும் ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று பாருங்கள். நீங்கள் எடுத்த நேரத்துக்குப் பிறகு மாறியிருந்தால் வேறு பெயரில் வையுங்கள், இரண்டையும் உட்கார்ந்து சேர்த்துக்கொள்ளலாம்.